ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு ஃபைல் போடுவதும் ஒரு வேலையா? வெம்பக்கோட்டை பக்கத்துப் பட்டதாரிகளுக்கு இது ஏன் முக்கியம்?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை இரண்டு காரணங்களுக்காகச் செய்தியில் அடிபடும் ஊர். ஒன்று, வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வு. சங்கு வளையல், சுடுமண் பொம்மை என்று பெட்டி பெட்டியாகப் பொருட்கள் கிடைத்தன. இன்னொன்று, பட்டாசு ஆலை விபத்து. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி. ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. "மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதால் வெடித்ததாகக் கூறப்படுகிறது" என்ற வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த உராய்வு எந்த வெயிலில், எந்தக் கலவையில், எவ்வளவு ஈரப்பதத்தில் ஆபத்தாகிறது? வருஷக் கணக்கில் மருந்து செலுத்தும் பெண்களின் நுரையீரலில் அலுமினியப் பவுடர் என்ன செய்கிறது? அந்தக் காலத்தில் இங்கே சங்கு அறுத்தவர்களுக்குச் சங்கு எந்தக் கடற்கரையில் இருந்து வந்தது? இதெல்லாம் ஆராய்ச்சிக் கேள்விகள். ஆராயக்கூடிய ஆட்களும் தூரத்தில் இல்லை. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி, கொஞ்சம் வடக்கே போனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.

ஆள் இருக்கு, கேள்வி இருக்கு. பணம்? அதைக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கும், வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவதற்கும் தனியாக ஒருவர் வேண்டும். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இது ஒரு முழுநேரத் தொழில். ஆராய்ச்சி நிர்வாகம் என்று பெயர். நம்ம ஊரில் வேலை இருக்கிறது, பெயர்தான் இன்னும் சரியாக வரவில்லை.

அரசுத் துறை தோண்டினால் ஒரு கதை, பல்கலைக்கழகம் தோண்டினால் இன்னொரு கதை

வெம்பக்கோட்டையில் தோண்டியது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. அதற்கான பணம் மாநில அரசின் நிதி ஒதுக்கீட்டிலேயே வந்துவிடும். இதையே ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் செய்ய நினைத்தால், ஏதாவது ஒரு நிதி அமைப்புக்கு முன்மொழிவு எழுத வேண்டும். கல்லூரி வளாகத்தில் இதை யாரும் முன்மொழிவு என்று சொல்வதில்லை. "புரொபோசல் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

புரொபோசல் என்றால் நாலு பக்கக் கட்டுரை என்று நினைக்க வேண்டாம். எதை ஆராயப் போகிறோம், ஏன், எப்படி, யார் யார் வேலை பார்ப்பார்கள், எத்தனை வருஷம், எந்த மாதத்தில் எது முடியும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ரூபாய் என்பது வரை அதில் இருக்கும். தொல்லியல் என்றால் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு உரிமமும் வேண்டும். அந்த உரிமம் ஒரு பருவத்துக்குத்தான். அடுத்த பருவம் தோண்டுவதற்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நிதி ஒரு தேதியில் வரும், உரிமம் இன்னொரு தேதியில் வரும், நடுவில் மழை வரும். மூன்றையும் பொருத்திப் பார்ப்பது யார் வேலை என்று கேட்டால் பல இடங்களில் பதில் கிடையாது.

செலவைக் கணிப்பதிலும் நுணுக்கம் உண்டு. கீழடியில் 2018-ல் எடுத்த கரிம மாதிரிகள் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அதில் ஒன்று கி.மு. 580 என்று காலம் காட்டியது. 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியானபோது நாடே பேசியது. இப்படி ஒரு சோதனையைப் பல்கலைக்கழகத் திட்டத்தில் செய்ய வேண்டுமென்றால், டாலரில் கட்டும் சோதனைக் கட்டணமும் கூரியர் செலவும் முதல் நாளே பட்ஜெட்டில் இருந்திருக்க வேண்டும். எழுத மறந்தால், மாதிரி கையில் இருந்தும் தேதி தெரியாமலே திட்டக் காலம் முடிந்துவிடும்.

யார் பணம் தருகிறார்கள்?

அறிவியல், பொறியியலுக்கு இப்போது பெரிய வாசல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் உருவானது. 2008-ல் சட்டம் இயற்றி அமைத்த செர்ப் என்ற பழைய வாரியம் இதற்குள் வந்துவிட்டது. 2023 முதல் 2028 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.50,000 கோடி என்று திட்ட மதிப்பீடு. அதில் பெரும்பகுதி தனியார் உள்ளிட்ட வெளி ஆதாரங்களில் இருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு.

மருத்துவம் என்றால் ஐசிஎம்ஆர், சமூக அறிவியல் என்றால் 1969 முதல் இயங்கும் ஐசிஎஸ்எஸ்ஆர். மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இருக்கிறது. அது இறுதியாண்டு மாணவர்களின் சின்ன புராஜெக்ட்டுக்குக்கூட சில ஆயிரம் ரூபாய் தரும். தொகை சின்னதுதான். ஆனால் விண்ணப்பம், ஒப்புதல், செலவுக் கணக்கு என்ற முழுச் சுற்றையும் ஒரு தடவை பார்த்துவிட அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே செர்ப் காலத்தில் தனித் திட்டங்கள் வந்தன. டேர் என்பது அதில் ஒன்று. கல்லூரி ஆசிரியர் தன் வேலையை விடாமலே பெரிய ஆய்வகம் ஒன்றோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம். இப்படி ஒரு திட்டம் இருப்பது தெரியாமலே கடைசித் தேதியைத் தாண்டிவிடும் ஆசிரியர்கள் உண்டு. அறிவிப்பு திறந்திருப்பது சில வாரங்கள்தான். அந்த நேரத்தில் செமஸ்டர் விடைத்தாள் திருத்தப் போயிருப்பார்கள். அறிவிப்பைப் பார்த்ததும் "மேடம், இது உங்க சப்ஜெக்ட்தான், நாள் இருக்கு" என்று போன் செய்வதே ஆராய்ச்சி நிர்வாகியின் முதல் வேலை.

ஒரு புரொபோசல் எப்படி நகரும்?

ஒரு கற்பனை உதாரணம். சிவகாசி கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியர் ஒருவர், பட்டாசுத் தொழிலாளர்கள் சுவாசிக்கும் தூசியை அளக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூசி சேகரிக்கும் கருவி, வேதிப் பகுப்பாய்வு, மூச்சுத்திறன் சோதனை எல்லாம் அவர் மனசில் தெளிவாக இருக்கிறது.

ஃபைல் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி வேறு. "மூச்சுத்திறன் சோதனைன்னா மனுஷங்க மேல செய்யறது. நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்க சார்?" ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி மனிதர்கள் பங்கேற்கும் உடல்நல ஆய்வுக்கு அந்த ஒப்புதல் இல்லாமல் நகர முடியாது. கலை அறிவியல் கல்லூரியில் அப்படி ஒரு குழு இல்லாமல் இருக்கலாம். அப்போது 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் ஒரு மருத்துவரை இணை ஆய்வாளராகச் சேர்க்கலாமே என்ற யோசனை வர வேண்டும். அதற்குக் கடிதம், இரு நிறுவனத் தலைவர்களின் சம்மதம், யாருக்கு எவ்வளவு பணம் என்ற பிரிப்பு.

தொழிலாளியிடம் வாங்கும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். கூலிக்கு வேலை பார்க்கும் பெண், "இதுல கையெழுத்துப் போட்டா வேலை போயிருமா?" என்று கேட்டால் அதற்கான பதில் அந்தத் தாளிலேயே இருக்கணும். இதைப் படிவம் நிரப்பும் சடங்காக நினைத்தால் தப்பு. ஆலை முதலாளிக்குத் தகவல் போகாது என்ற உறுதி இல்லாவிட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், ஆய்வே வீண்.

அடுத்தது பட்ஜெட். கருவிக்கு ஒரு தலைப்பு, ஆள் சம்பளத்துக்கு ஒரு தலைப்பு, ரசாயனம் கண்ணாடிப் பொருட்களுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, சில்லறைச் செலவுக்கு ஒன்று, கல்லூரியின் கரண்ட் பில், கட்டட வசதிக்கான மேல்செலவு ஒன்று. கருவி வாங்கக் கொடுத்த மூலதனப் பணத்தை எடுத்துச் சம்பளம் போட முடியாது. ஆய்வு உதவியாளருக்கு இஷ்டத்துக்குச் சம்பளம் எழுதவும் முடியாது. ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 என்று மத்திய அரசு உயர்த்தியது. பழைய ரூ.31,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று வருஷத்தில் ரூ.2,16,000 துண்டு விழும். கூடவே வீட்டு வாடகைப்படி வேறு.

கடைசியில் நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட ஒப்புகைச் சான்று. முதல்வர் வெளியூர் போயிருக்கும் நாளில் கடைசித் தேதி வந்து, அந்த ஒரு தாளுக்காகப் புரொபோசல் நின்றுபோகும். அறிவியலில் எந்தக் குறையும் இருக்காது.

பணம் வந்த பிறகுதான் வேலையே

புரொபோசல் எழுதுவதை ஓரளவு எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை. உண்மையில் ஆராய்ச்சி நிர்வாகியின் நாளில் பெரும்பகுதி போவது இங்கேதான்.

மத்திய அரசின் பணம் பிஎஃப்எம்எஸ் என்ற பொது நிதி மேலாண்மை இணையதளம் வழியாகக் கண்காணிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். கல்லூரி அலுவலகங்களில் இதற்கு யூசி என்றுதான் பெயர். கூடவே எந்தத் தலைப்பில் எவ்வளவு செலவு என்ற செலவு அறிக்கை. ஆய்வாளர், நிதி அலுவலர் அல்லது ஆடிட்டர், நிறுவனத் தலைவர் என்று வரிசையாகக் கையெழுத்து. வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அது கல்லூரிக்குச் சொந்தமில்லை, பாரத்கோஷ் தளம் வழியாக அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி 412 ரூபாய்தானே என்று விட்டால் அந்த 412 ரூபாய்க்காகவே அடுத்த தவணை நிற்கும்.

தவணை நின்றால் யாருக்கு அடி? பேராசிரியருக்கு மாதச் சம்பளம் தனியாக வந்துவிடும். அந்தத் திட்டத்தை நம்பிச் சேர்ந்த ஆய்வு மாணவருக்குத்தான் வராது. பல மாதம் உதவித்தொகை வரவில்லை என்பது நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் சொல்லும் புகார். எல்லாத் தாமதமும் கல்லூரி ஃபைலால் வருவதில்லை. டெல்லியிலும் தாமதம் உண்டு. ஆனால் கல்லூரிப் பக்கம் யூசி சரியாகப் போயிருந்தால்தான் டெல்லியைக் கேள்வி கேட்கவே முடியும். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் அம்மா, முதல் தலைமுறையாக ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை என்ற வீட்டில் ஆறு மாதம் உதவித்தொகை வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும்.

கொள்முதலும் இவர்கள் தலையில்தான். மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டு அறிக்கை, கமிட்டி கையெழுத்து, சொத்துப் பதிவேட்டில் வரவு. 2025 ஜூனில் மத்திய நிதியமைச்சகம் அறிவியல் துறைகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் விதியைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ரூ.1 லட்சத்தில் இருந்து ரூ.2 லட்சமானது. துறைக் கமிட்டி வழியாக வாங்கும் வரம்பு ரூ.25 லட்சம் வரை போனது. இந்தத் தளர்வு தங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமா என்று படித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு தானாக வரும்.

விதி மாறிக்கொண்டே இருக்கும்

2024-ல் ஐஐடி டெல்லி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு, ஆராய்ச்சி நிதிக்கு ஜிஎஸ்டி ஏன் கட்டவில்லை என்று நோட்டீஸ் போனது பெரிய செய்தியானது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவனங்களும் அரசு அல்லது தனியார் மானியத்தில் செய்யும் ஆராய்ச்சிக்கு விலக்கு தரப் பரிந்துரைத்தது. வருமான வரிச் சட்டத்தின் 35-வது பிரிவில் அறிவிக்கப்பட்ட நிறுவனமா என்பதை அதில் பார்க்க வேண்டும். நோட்டீஸ் வந்த வாரத்தில் பல வளாகங்களில் தூங்காமல் இருந்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, ஃபைல் பார்த்தவர்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் இன்னும் கெடுபிடி. 2020-ல் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நன்கொடை முதலில் ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளையில்தான் விழ வேண்டும். வெளிநாட்டுக் கூட்டுறவோடு நடக்கும் மருத்துவ ஆய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும்.

பசுமைப் பட்டாசில் நடந்தது என்ன?

ஆராய்ச்சி நிர்வாகம் சிவகாசி வீதிக்கே வந்த கதை இது. 2018 அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம், புகை குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதிக்கும் தீர்ப்பைத் தந்தது. பேரியம் உப்புக்குத் தடை வந்தது. நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் தலைமையில், காரைக்குடி சிக்ரி உள்ளிட்ட சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள் சேர்ந்து வேலை பார்த்தன. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று புதிய கலவைகள் வந்தன. மாசுத் துகளைச் சுமார் 30 சதவீதம் குறைப்பது இலக்கு.

கலவை கண்டுபிடித்ததோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்தச் சூத்திரத்தை ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் வெளியே கசியக் கூடாது. அதனால் ஒவ்வொரு உற்பத்தியாளரோடும் ரகசியக் காப்பு ஒப்பந்தம், பயன்பாட்டு ஒப்பந்தம். ஒப்பந்த வாசகம், கட்டணம், சான்றிதழ், மாதிரி சோதனை எல்லாம் ஆராய்ச்சி நிர்வாகத்தின் இன்னொரு கிளை. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்பார்கள். சிவகாசியில் ஆலைக் கணக்கும் தெரிந்து ஆய்வக மொழியும் புரிந்த ஒருவருக்கு இங்கே நல்ல இடம் உண்டு.

சம்பளம் எவ்வளவு?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020 ஜூலையில் திட்டப் பணியாளர் ஊதியத்தை வரையறுத்தது. அதில் அறிவியல் நிர்வாக உதவியாளர் என்று ஒரு பணி இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் போதும். மாதம் ரூ.18,000, கூட வீட்டு வாடகைப்படி. அதே பட்டியலில் புராஜெக்ட் மேனேஜர் என்றால் ரூ.1,25,000. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏணியில் பெரும்பாலான படிகள் விஞ்ஞானிகளுக்கானவை. நிர்வாகத்தில் மட்டுமே இருப்பவர் ஏறிப் போக வழி குறுகலானது.

அதைவிட முக்கியம், இவை ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மூன்று வருஷத்தில் மறுபடி ஆர்டர் தேட வேண்டும். திருமணம், வீட்டுக் கடன் என்று வரும்போது இது சுமைதான். நிலையான பதவி பெரும்பாலும் பெரிய இடங்களில்தான். ஐஐடி மெட்ராஸில் ஐசிஎஸ்ஆர் என்று தனி அலுவலகமே திட்டங்களையும் ஆலோசனைப் பணிகளையும் நிர்வகிக்கிறது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி டீன் அலுவலகம் என்ற பெயரில் ஆள் எடுக்கிறார்கள். சின்னக் கல்லூரிகளில் ஆசிரியர் ஒருவரையே பிடித்து "நீங்களே பார்த்துக்கோங்க" என்று கொடுத்துவிடுவார்கள். அவருக்கு வகுப்பும் குறையாது, படியும் கிடைக்காது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு 1959-லேயே தேசிய சங்கம் வந்துவிட்டது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கும் முறையும் இருக்கிறது. இந்தியாவில் இந்தியா அலையன்ஸ் அமைப்பு 2018-ல் ஆராய்ச்சி மேலாண்மைக்கென்று ஒரு முயற்சியைத் தொடங்கியது. பயிற்சி, உதவித்தொகை என்று நடந்த அந்த வேலை, இதை ஒரு தொழிலாகப் பார்க்க வைத்தது.

யாருக்குப் பொருந்தும்? எப்படி நுழைவது?

பி.காம்., எம்.காம். முடித்து டேலி தெரிந்தவர்கள் கணக்குப் பக்கம் வரலாம். எம்.எஸ்சி., முடித்து நெட் எழுதிக் களைத்தவர்கள் புரொபோசல் பக்கம் வரலாம். ஆனால் கணக்கு மட்டும் போதாது. பேராசிரியர் சொல்லும் அறிவியலை முழுசாகப் புரிந்துகொள்ளாவிட்டாலும், எதற்கு எந்தக் கருவி, ஏன் இரண்டு வருஷம் என்று கேட்கும் அளவுக்காவது புரிய வேண்டும். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுத வர வேண்டும். மூத்த பேராசிரியரிடம் "சார், இந்த பில் செல்லாது" என்று மரியாதையாகவும் விட்டுக்கொடுக்காமலும் சொல்லும் துணிச்சல் வேண்டும். இதைக் கோர்ஸில் சொல்லித் தருவதில்லை.

சிவகாசியில் மார்ச் மாதக் கணக்கை முடித்துப் பழகிய பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அச்சகத்திலும் பட்டாசு ஆபீஸிலும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து பழகிய கைகள் யூசி போட வாரக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. புதுசாகப் படிக்க வேண்டியது 2017-ன் பொது நிதி விதிகள். அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மானியம், பயன்பாட்டுச் சான்றிதழ் பற்றிய அத்தியாயத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்தாலே நேர்காணலில் வித்தியாசம் தெரியும்.

வேலை அறிவிப்பைப் பெரிய விளம்பரமாகத் தேடாதீர்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் புராஜெக்ட் வேலைகள் என்ற பகுதியில் ஒரே ஒரு பக்கப் பிடிஎஃப் ஆகக் கிடக்கும். நேரடி நேர்காணல் என்று போட்டு, பத்துப் பதினைந்து நாள் மட்டுமே இடைவெளி இருக்கும். போகும்போது திட்டத்தின் மொத்தக் காலம் எவ்வளவு, அதில் எத்தனை மாதம் மீதம், முதல் தவணை வந்துவிட்டதா, முந்தைய வருஷத்து யூசி போயிருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேரடியாகப் பதில் வராவிட்டால், சேர்ந்த பிறகு முதல் மாதம் அந்த யூசியைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.